படிவத்தில் இரண்டாவது பெயர்

பத்து வயதில் எனக்கு வந்த வயிற்றுவலி சுத்தமான பொய். ஜூன் விடுமுறைக்கு என்னை ஒரு தமிழ் முகாமில் சேர்த்திருந்தார்கள். பாசிர் ரிஸ் கடற்கரையோரம், நான்கு நாள். வாய்தவறி ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். வேறு யாராவது மாட்டிக்கொள்ளும்வரை அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். முதல் நாள் காலையில் "டாய்லெட் எங்கே?" என்று கேட்டு நான் வாங்கிய அட்டை, மறுநாள் பசியாறி முடித்த பிறகும் என் கழுத்தில்தான் இருந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப்போல் பேசினார்கள். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முகாம் ஆசிரியை அம்மாவின் கைபேசிக்கு மூன்று முறை அழைத்தார். அம்மா மருத்துவமனையில் தாதி. வார்டில் இருக்கும்போது கைபேசி லாக்கரில் கிடக்கும். பொய் சொல்லும் அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். அப்பாவோ வேலை விஷயமாக ஜகார்த்தா போயிருந்தார். ஆசிரியை என்னுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தார். அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரை எழுதச் சொல்லியிருந்தார்கள், இரண்டாமவர் எங்கள் வீட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்தில் நான் கேள்விப்பட்டேயிராத ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

"இவங்க உன் ஆண்ட்டியா மா?" என்று கேட்டார் ஆசிரியை.

தெரியாது என்றால் காரியம் கெட்டுவிடும் என்று தலையை ஆட்டிவைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் டாக்சியில் வந்து இறங்கினார் அந்த ஆண்ட்டி. ஜாலான் புசாரில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. கல்லாவிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார், கையில் கிரீஸ் கறைகூடப் போகவில்லை. ஆனால் ஒரு பாட்டில் ஓமத் தண்ணீர் மட்டும் மறக்காமல் வாங்கி வந்திருந்தார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எங்க வலிக்குது?"

காட்டினேன். ஆசிரியையிடம் ஏதோ விசாரித்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் காட்டினேன்.

"அப்ப வலது பக்கம், இப்ப இடது பக்கமா?" என்று என் காதருகே குனிந்தார். "உங்கம்மாவும் இப்படித்தான். கணக்குப் பரீட்சை அன்னிக்கு அவளுக்கு வலி வயிறெல்லாம் ஊர் சுத்தும்."

குட்டு உடைந்தது. ஆனால் அவர் ஆசிரியையிடம் திரும்பி, "சாப்பாடு ஒத்துக்கல போல. அவங்கம்மா வர்ற வரைக்கும் நான் இருக்கேன் லா," என்றார். எனக்காகப் பொய் சொன்ன முதல் பெரியவர் அவர்தான். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான்கு மணிக்கு மேல் அம்மா தாதி உடுப்போடு ஓடிவந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் பாதி வழியில் நின்றுவிட்டார். பெற்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு தாய் இப்படியா நிற்பது என்று எனக்குக் கோபம் வந்தது.

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா அவரோடு கடலைப் பார்த்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"கடை நம்பர மாத்தலையா?" என்றார் அம்மா.

"கடை ரெண்டு தடவ இடம் மாறிடுச்சு. நம்பரயும் மாத்திட்டா நீ எப்படிக் கூப்பிடுவே?"

அம்மா தாதி உடுப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டார்.

"எங்கண்ணன வேணாம்னு நீ சொன்னதுக்கு நான் கோவப்படல," என்றார் ஆண்ட்டி. "உன் நிச்சயப் புடவைய நான்தான் செராங்கூன் ரோடு முழுக்க அலைஞ்சு எடுத்தேன். அதுக்கு முந்தின வாரமே நீ உன் வீட்டுக்காரரோட கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டத அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"உன்கிட்ட சொல்லியிருந்தா, நீயும் வீட்டுல பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

"சொல்லியிருப்பேன். உனக்காகச் சொல்லாத பொய்யா?"

அம்மா அழத் தொடங்கினார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் வயிற்றில் ஏதோ தீராத நோய் இருப்பதை இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எனக்கு வலியே இல்லம்மா, பொய் சொன்னேன்," என்று நானும் அழுதேன்.

இருவரும் சிரித்தார்கள். அம்மா திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓமத் தண்ணீரைக் கடைசியில் அம்மாதான் குடித்தார். மிச்ச நாட்களுக்கு என்னை முகாமிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கடைசி நாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை அழைக்க வந்து, செங்காங்கில் எங்கள் வீடு போய்ச் சேரும்வரை டாக்சியில் ஆங்கிலத்திலேயே பேசித் தீர்த்தார்கள். அட்டை கையிலிருந்தால் இருவர் கழுத்திலும் மாட்டியிருப்பேன்.

அவர் பெயரை ஏன் எழுதினீர்கள் என்று அன்றே அம்மாவிடம் கேட்டேன்.

"சின்ன வயசுல மனப்பாடம் ஆன நம்பர். கை தானா எழுதிடுச்சு," என்றார்.

நம்பினேன். அம்மா தவறுதலாக எழுதியதும் நான் சொன்ன பொய்யும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டதாக எத்தனையோ தீபாவளி விருந்துகளில் கதை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஆண்ட்டி எனக்குப் பெரியம்மா ஆகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் என் மகளுக்கு முகாம் படிவம் வந்தது. எனக்கு அம்மா எப்படி நிரப்பினார் என்று பார்க்கலாமே என்று, அம்மா வீட்டில் என் பழைய படிவங்கள் இருந்த கோப்பைத் திறந்தேன். எந்தப் படிவத்தையும் போட்டோகாப்பி எடுக்காமல் கொடுக்கமாட்டார் அம்மா. நான்கு வயதில் சேர்ந்த பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி, நீச்சல் வகுப்பு, பல் மருத்துவம். எல்லாவற்றிலும் இரண்டாவது கட்டத்தில் அதே பெயர், அதே எண். கை தானாக ஒரு தடவை எழுதும், ஆறு வருடமா எழுதும்? எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தயங்கியவர், வேறு யாராவது கூப்பிடட்டும் என்று ஒவ்வொரு படிவத்திலும் எழுதி வைத்திருக்கிறார்.

சமையலறையில் அம்மாவும் பெரியம்மாவும் நண்டுக்கு மிளகு போதுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படிவங்களைக் கோப்புக்குள் வைத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை. விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதில்லை. பள்ளியிலிருந்து ஒரு நாளும் யாரும் அழைத்ததில்லை. அதை அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்த முதல் படிவம் எழுதிய நான்கு வயதிலேயே எனக்கு ஒரு வயிற்றுவலி வந்து தொலைத்திருக்கலாம்.