யாருமில்லாத வளைவுல மணி

தந்திக் கம்பி பாக்க சைக்கிள்ல வருவாரே ஒரு பாய், அவரு பேரு எனக்குத் தெரியாது. ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, வெயில்ல வெளுத்த காக்கி, காதுல செருகின பீடி. நிஜாம் காலம் அது. எங்க வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை. திருமுல்கேரி தாண்டி, பாறை மலைக்கு நடுவுல நான் சுள்ளி பொறுக்க, சீத்தாப்பழம் பறிக்கப் போவேன். அந்தப் பழம் இருக்கே, வெல்லந்தான்! சரி, பாய் கதைக்கு வரேன்.

அந்தச் சரளைப் பாதையில மாட்டு வண்டிகூட வராது. ஆனா இவரு ஒவ்வொரு வளைவுலயும் மணி அடிப்பாரு. ஒரு நாள் சத்தம் கேட்டு நான் ஓரமா ஒதுங்கினேன். ஆளைப் பாத்த திகைப்புல சைக்கிளோட சரிஞ்சே போயிட்டாரு! எனக்குச் சிரிப்பு அடங்கல.

எனக்குத் தெரிஞ்ச அரைகுறை உருதுல கேட்டேன்: "கைக்கு பாய், எதுக்கு மணி? இங்க யாரு வரா?"

தூசியத் தட்டிக்கிட்டே சொன்னாரு: "ஹவ், ஆமா அம்மா, யாரும் வரதில்ல. ஆறு வருஷமா அடிக்கிறேன். இன்னிக்குத்தான் எனக்கு ஒருத்தர் வழி விட்டிருக்காங்க."

ஜாகிர்தாருக்கு வெக்கிற மாதிரி எனக்கு ஒரு சலாம் வெச்சுட்டுப் போனாரு.

அப்புறம் மலை மேல இருந்தாலும், மணி கேட்டா இறங்கி ஓடியாந்து ஓரமா நிப்பேன். "போங்க பாய்!"னு கத்துவேன். எனக்கும் அங்க பேச வேற யாரு இருந்தா?

அடுத்த மழைக்காலம் முடிஞ்சதும் அதே சைக்கிள்ல வேற ஆளு வந்தாரு. வளைவுல மணியே அடிக்கல. நான் வழக்கம்போல ஒதுங்கினேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. சரளையில சக்கரம் நொறுநொறுங்கிற சத்தம் அடங்குற வரைக்கும் வழி விட்டு நின்னுக்கிட்டே இருந்தேன்.