வாயால் ஓடிய கார்

‘சொட்டு’ என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் சின்ன நாத்தனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. உள்ளே அவள் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். “சொட்டு வந்துட்டுப் போனான். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டே வந்தான், தள்ளிக்கிட்டே போனான்!” கண்ணுக்குச் சொட்டு மருந்து போட வருகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாமே இப்படித்தான். பாதி காதில் விழும், மீதியை நானே இட்டுக் கட்டிக்கொள்வேன்.

சொட்டு, நாத்தனார் கணவருக்குச் சித்தப்பா மகன். நாத்தனார் கணவர் எனக்கு அண்ணன் முறை. அப்படியென்றால் இவர் எனக்குத் தம்பி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் முறை சொல்வதில் என்னை மடக்க யாராலும் முடியாது. மற்ற எதிலும் சுலபமாக மடக்கிவிடலாம்.

பெயரை வைத்தவர்கள் பெட்ரோல் பங்க் ஆட்கள். பெட்ரோல் போட்டு முடித்துக் குழாயை எடுக்கப் போனால் இவர் விடமாட்டாராம். “இருங்க, குழாயைத் தூக்கிப் பிடிச்சு உதறுங்க. இன்னும் ரெண்டு சொட்டு இருக்கும்” என்பாராம். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தாலும், இவர் டாங்க்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

டிரைவிங் ஸ்கூல் வைப்பதற்கு முன் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு முறை நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று வயது மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மறு வாரமே லாரியிலிருந்து இறங்கிவிட்டார். ஒரு பழைய காரை வாங்கினார், தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்தார், வீட்டு முன்னறையில் மேசை போட்டார், தானே பெயின்ட் வாங்கி எழுதிய பலகையைத் தொங்கவிட்டார். டிரைவிங் ஸ்கூல் தொடங்கியாயிற்று. மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்புறம் பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியது. என்னைப்போல முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறியிருந்தால் பரவாயில்லை. பூனை மதில் ஏறுவதுபோல் ஏறியது.

நான் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். சேர்ந்த காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். என் ஓரகத்தி ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரருக்குக் கண் அறுவை முடிந்து, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கார் ஷெட்டில் தூங்கியது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் கற்றுக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் ஓரகத்தி வீட்டு வாசலில் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

எங்கள் வகுப்பில் நான்கு பேர். ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், வங்கியில் காசாளராக இருந்த ஒருவர், கடைசியாக நான். முதல் நாளே சொட்டு எங்களிடம் ஒளிக்காமல் பேசினார்.

“உங்ககிட்ட வாங்கின பீஸுக்கு மேல ஒரு காசு கேக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். ஆனா இப்ப விக்கிற விலைக்கு தினம் வண்டியைக் கிளப்பினா ஸ்கூலை மூடிட்டு நான் லாரி ஏற வேண்டியதுதான். அதனால முதல் பதினைஞ்சு வகுப்பு இன்ஜின் இல்லாம.”

“இன்ஜின் இல்லாம எப்படிங்க?” என்றார் காசாளர்.

“இன்ஜினுக்கு நான் இருக்கேன்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயால் சத்தம் போட்டுக் காட்டினார். முதல் கியருக்கு அடிவயிற்றிலிருந்து உறுமல், இரண்டாவதுக்குத் தொண்டை, மூன்றாவதுக்கு மூக்கு. கியரைத் தப்பாகப் போட்டால் கரகரவென்று பல்லைக் கடிப்பார். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் இருமிக்கொண்டே அணைந்துபோவார். பதினெட்டு வருஷம் காதுக்குள் கேட்டதெல்லாம் வாய்வழியாக வந்தது. நாங்கள் அசந்துவிட்டோம்.

மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் காலி மைதானம் இருந்தது. அங்கே காரை நிறுத்தி, ஒருவர் உட்கார்ந்து கிளட்ச், கியர், பிரேக் என்று மிதிப்போம். ஸ்டியரிங் பழக மற்ற மூன்று பேரும் பின்னாலிருந்து தள்ள வேண்டும். என் முறை வந்ததும் தையல்காரர் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மாஸ்டர், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு போல.”

“இல்லண்ணே, அக்கா உக்காந்திருக்காங்க” என்றாள் நர்ஸ்.

சொட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டி, “அக்கா, அந்தக் கைப்பையையாவது வெளிய வச்சிடுங்களேன்” என்றார். கைப்பையில் ஒரு கண்ணாடிக் கூடும் கைக்குட்டையும்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். கார் லேசாகிவிட்டது என்று எல்லாரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

அவர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நாங்களே சத்தம் போட்டுக்கொள்ள வேண்டும். காசாளருக்குக் கூச்சம், மூச்சுதான் வந்தது. நர்ஸுக்குச் சிரிப்பு அடங்காது. நான் மட்டும் வெளுத்து வாங்கினேன். “அக்காவுக்குத்தான் ரெண்டாவது கியர் சுத்தமா வருது” என்று மாஸ்டரே சொன்னார். வாழ்க்கையில் எந்த வகுப்பிலும் முதலாவதாக வராதவளுக்கு இந்த ஒரு சொல் போதாதா? வீட்டில் காய் நறுக்கும்போதுகூட உறுமினேன். என் வீட்டுக்காரர் கண்ணில் பச்சைத் துணியோடு படுத்திருந்தவர், “தெருவுல ஏதோ லாரி நிக்குது, போய்ப் பாரு” என்றார்.

கடைசி மூன்று வகுப்புகள்தான் பெட்ரோலில். அப்போதும் சாவி அவர் கையில்தான் இருக்கும். வீணாகாமல் இன்ஜினைக் கிளப்ப ஒரு பக்குவம் இருக்கிறதாம், அதை எங்களை நம்பி விடமாட்டார். அவர் பக்கத்திலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருகுவார், நாங்கள் ஓட்டுவோம். யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை.

இதற்கிடையில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்தார். எங்களுக்கு முன் படித்துப் போன இரண்டு செட்டிலும் பாதிப் பேருக்கு மேல் பெயில். இந்த நான்கு பேரில் மூன்று பேராவது தேறாவிட்டால் ஸ்கூலின் அனுமதி ரத்து. சொட்டு எங்களிடம் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னாள். என்னைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, போர்டு இறங்கினா இவரு மறுபடி லாரிதான். பொண்ணு இப்பதான் அப்பா வந்தாத்தான் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கா. எப்படியாவது தேறிடுங்க.”

“என்னைப் பத்தி நீ கவலையே படாதே. வகுப்புலயே முதல் ஆள் நான்தான்” என்றேன். எந்த நேரத்தில் அந்த வாயைத் திறந்தேனோ!

தேர்வு நாளன்று நர்ஸ் முதலில் போய்த் தேறி வந்தாள். காசாளர் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றார். தையல்காரர் நூல் பிடித்தாற்போல் ஓட்டித் தேறினார். இரண்டு ஆயிற்று. மூன்றாவது நான்தான் ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார். நர்ஸ் போகும்போது சொட்டு கிளப்பிவிட்ட இன்ஜின், நான் ஏறி உட்கார்ந்த பிறகும் சும்மா உறுமிக்கொண்டு நின்றதை, என் பக்கத்தில் இருந்த அவரால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி அணைத்துவிட்டார். சாவி அதிலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, “நீங்க இறங்கி ஓரமா நில்லுங்க” என்று அவரை இறக்கிவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“கிளம்புங்கம்மா.”

கிளட்ச்சை மிதித்தேன். முதல் கியர் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பக்கத்தில் இன்ஜின் போட மாஸ்டர் இல்லை என்பது எனக்கு எப்படி உறைத்தது தெரியுமா? சத்தத்துக்கு ஆள் இல்லை என்றுதான் உறைத்தது. அடிவயிற்றிலிருந்து நானே உறுமினேன். தேர்வு மைதானம் கொஞ்சம் சரிவு. கார் மெல்ல நகர்ந்தது. ஆகா, போகிறதே என்று தைரியம் வந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, என்ன பண்றீங்க?”

“ரெண்டாவதுக்குப் போறேன் சார்” என்று சொல்லிவிட்டுத் தொண்டைக்கு மாறினேன்.

ஓரத்தில் சொட்டு கையைத் தூக்கி, சாவி திருகுவதுபோல் திருகித் திருகிக் காட்டினார். வளைக்கச் சொல்கிறார் என்று ஸ்டியரிங்கை வளைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சரியாக வளைத்துவிட்டேன் போலிருக்கிறது, வெயிலுக்குக் கை வைக்கிறார் என்று நான் மூக்குக்குப் போனேன். சரிவு தீர்ந்ததும் கார் நின்றது. நான் மட்டும் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன்.

“வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “முதல்ல கிளம்பவே இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். காகிதத்தில் பெயில் என்று எழுதினார். இறங்கிப் போய்ச் சொட்டுவிடம், “இதுதான் நீங்க சொல்லிக் கொடுக்கிற லட்சணமா?” என்று கேட்டார். சொட்டு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பெட்ரோல் விலை, பதினைந்து வகுப்பு, வாய்ச் சத்தம் எல்லாம். “தப்பு அக்கா மேல இல்ல சார். சாவியை நான்தான் யாருக்கும் கொடுக்கல” என்றார். அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் நான் கனம், பூமியும் யோசிக்கும்.

பத்து நாளில் அனுமதி ரத்தாகிப் பலகை இறங்கியது. சொட்டு லாரிக் கம்பெனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர் மனைவி ஒரு பெரிய பையில் அவர் துணிகளை மடித்து வைப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். மகள் ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய், இன்ஸ்பெக்டரின் மேசை முன்னால் நின்றேன். முட்டாள்தனம் என்னுடையது, தண்டனை அவருக்கா என்று கேட்க நினைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

“அம்மா, எழுதினது எழுதினதுதான். மாத்த முடியாது” என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். “அந்தச் சத்தம்... அவரும் அப்படித்தான் போடுவாரா?”

“நான் போட்டது ஒண்ணுமே இல்ல சார். அவரு மேட்டுல சுமையோட ஏறுற லாரியைப் போடுவாரு.”

அப்போதுதான் சிரித்தார். பஸ் டிப்போவில் டீசல் செலவு கட்டுக்கடங்காமல் போவதாகவும், மிச்சம் பிடித்து ஓட்ட டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதாகவும் சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் டிப்போ மேனேஜரின் பெயரை எழுதிக் கொடுத்தார். நேரே சொட்டு வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என் ஓட்டம்.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. மூன்று முறை வரச் சொல்லி அலைக்கழித்தார்கள். நான்காவது முறை, தாமதமாக பிரேக் போட்டால் எவ்வளவு வீணாகும், பஸ் நின்றிருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டால் எவ்வளவு வீணாகும் என்று டிரைவர்கள் முன்னாலேயே வாயால் ஓட்டிக் காட்டியிருக்கிறார். எடுத்துக்கொண்டார்கள், தற்காலிகமாகத்தான். ஸ்கூலில் வந்ததைவிடச் சம்பளம் குறைவு. காரை விற்றாயிற்று. அவர் மனைவி என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பேசாமலிருப்பது நியாயம்தான். நான் மறுபடி தேர்வுக்குப் போகவில்லை. ஓரகத்தி இப்போதும் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறாள், வீட்டுக்காரரை அவள் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.

சொட்டு இப்போது பஸ் டிப்போவில், தகர ஷெட்டுக்குள் நிற்கும் ஒரு பழைய பஸ்ஸில் வகுப்பு எடுக்கிறார். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறார்.