கசிந்த பொதிகளின் மேசை

முதலாளி ஒரு சிறிய போத்தலைத் திறந்து என் புறங்கையில் ஒரு துளி விட்டார். "மணந்து பார் பிள்ளை, என்ன மணக்குது?" என்றார். நான் மாம்பழம் என்றேன். "மாம்பழம் இல்லை. மாம்பழத்தை ஒரு நாளும் கடிச்சுப் பாக்காதவன் நினைச்சுக்கொள்ளுற மாம்பழம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். குரோருட் ரயில் நிலையத்துக்குக் கீழே இருந்த அவருடைய கடையில் அது எனக்கு முதல் நாள். கலியாணம் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காலையில் நோர்வேஜிய மொழி வகுப்பு, மதியத்துக்குப் பிறகு கடை. எத்தனை தரம் கழுவியும் அந்தத் துளியின் வாசம் கையை விட்டுப் போகவில்லை.

அவருடைய கடை முதலில் மரக்கறியும் தொலைபேசி அட்டையும் விற்ற கடை. ஊருக்குக் கதைப்பது இலவசமானதும் அட்டைகள் செத்துப்போயின. மரக்கறியைப் பெரிய கடைகள் எடுத்துக்கொண்டன. முப்பது வருடம் சிகரெட் பிடித்து, பிறகு வேப் என்ற மின்சிகரெட்டுக்கு மாறி, அதனால் இருமல் நின்ற மனிதர் அவர். தனக்கு உதவியதையே விற்போம் என்று இறங்கினார். சுவரில் நிறம் நிறமாகப் போத்தல்களை அடுக்கினார். கருவியைக் கொண்டுவந்து நீட்டினால், பிரித்துத் துடைத்து, கருகிய கம்பிச்சுருளை மாற்றி, எந்தச் சாறு எந்தச் சூட்டில் கருகும் என்று விளக்கிக் கொடுப்பார். மூடியைத் திறந்து ஒருமுறை மணந்தாலே என்ன சாறு, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். கெட்டிக்காரர். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கெட்டித்தனம் கடையைக் காப்பாற்றவில்லை. சட்டப்படி நிகோட்டின் இல்லாத சாற்றைத்தான் கடையில் விற்கலாம். நிகோட்டின் வேண்டியவர்கள் தங்கள் சொந்தப் பாவனைக்கென்று வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்துக்கொண்டார்கள். அப்படித் தருவிக்கிறவர்கள் மற்றச் சாறுகளையும் அங்கேயே எடுத்தார்கள். எங்கள் கடைக்கு வருவார்கள். பத்துப் போத்தலை மணந்து பார்ப்பார்கள். பிடித்ததைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போவார்கள். அவர்கள் படியேறி நிலையத்துக்குள் மறையும் வரை முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். "மணக்க நான், வாங்க நெட்" என்பார். நாளாக நாளாக அந்தச் சொல்லில் இருந்த பகிடி வற்றிப்போய்விட்டது.

ஒருநாள் ஒரு வயதான நோர்வேஜியப் பெண் வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகு சிகரெட்டை விட்டவர். எங்களிடம்தான் முதல் கருவியை வாங்கியிருந்தார். அது ஒழுகியது. கையில் ஒரு முழுப் போத்தல் சாறும் இருந்தது. எங்கே வாங்கியது என்று முதலாளி கேட்டார். பேரன் நெட்டில் எடுத்துத் தந்தது என்றார் அந்த அம்மா, வெகுளியாக. முதலாளி போத்தலை மெல்ல வாங்கி, மூடியைத் திறந்து, பின்னால் இருந்த கைகழுவும் தொட்டியில் கடைசித் துளி வரை ஊற்றினார். வெறும் போத்தலையும் ஒழுகும் கருவியையும் அவர் கையில் வைத்து, "திருத்துறதையும் நெட்டிலையே கேளுங்கோ" என்று நோர்வேஜிய மொழியில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. நான் சிரித்தேன். முதலாளி சிரித்ததால்தான் சிரித்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

அதன் பிறகுதான் மேசையின் கீழ் லாச்சிக்கு ஒரு பூட்டு வந்தது. நிகோட்டின் போத்தல்கள். தான் திட்டித் தீர்த்த அதே நெட்டில் முதலாளியே தருவித்தவை. தெரிந்த முகம் வந்தால் கண்ணைக் காட்டுவார். நான் குனிந்து எடுத்துத் துண்டுக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பேன். அது பிழை என்று எனக்குத் தெரியும். மறுத்தால் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நகரசபையிலிருந்து இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். நேராக லாச்சிக்குத்தான் போனார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். திறந்ததும் முதலாளி நோர்வேஜிய மொழியில் அவர்களிடம் சொன்னார்: "இது என்னுடையது இல்லை. இவள் எனக்குத் தெரியாமல் விற்றிருக்கிறாள். பாவம் என்று வேலை கொடுத்தேன்." எனக்கு விளங்காது என்று நினைத்தார். ஒரு வருட வகுப்புக்குப் பிறகு எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் தமிழில்: "ஓம் எண்டு சொல்லு பிள்ளை. கடை போனால் மகளின்ரை படிப்பும் போச்சு. உனக்கு ஒண்டும் வராது, நான் பாத்துக்கொள்ளுறன்." மகள் அப்போது துரொண்ட்ஹெய்மில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண் என்னைப் பார்த்து, "இது உண்மையா?" என்று கேட்டாள். நான் "யா" என்றேன். நோர்வேஜிய மொழியில் ஓம் என்பதற்கு அதுதான் சொல். வகுப்பில் முதல் நாள் படித்த சொல்.

அடுத்த நாள் போனபோது வாசலிலேயே மறித்தார். "இனி வராதை. சனம் கதைக்குது" என்றார். கதைத்த சனத்துக்கு அவர்தான் கதை கொடுத்திருந்தார். கோயிலிலும் மற்றக் கடைகளிலும், பாம்புக்குப் பால் வார்த்துவிட்டேன் என்று சொன்னாராம். எனக்குத் தண்டம் வந்தது. அதன் பின்னால் இன்னொரு கடிதம். நிரந்தர வதிவிட அனுமதி தள்ளிப்போனது. கணவர் மூன்று கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கோயிலில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பெண்கள் கைப்பையை மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்தார்கள். ஒருத்தியாவது என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றவரை அதன் பிறகு தெருவில் பல தரம் கண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான் பொதி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நெட்டில் வாங்குகிறவர்களின் பொதிகள் லொறியில் வந்து இறங்கி, பட்டியில் ஓடி, பிரிந்து, நகரம் முழுவதும் போகும் இடம். கேள்வி கேட்காமல் எட்டு வருடம் வேலை செய்தேன். ஒரு குழுவுக்குப் பொறுப்பாளர் ஆனேன். அனுமதியும் பிந்தியேனும் வந்தது. எட்டாம் வருடம் ஐப்பசியில், வீகார் என்று இங்கே சொல்லும் தற்காலிக வேலையாட்களின் பட்டியலைத் திறந்தபோது முதலாளியின் பெயர் இருந்தது. கடை மூடிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரை வேறு குழுவுக்கு மாற்ற ஒரு சொடுக்குப் போதும். நான் என் குழுவிலேயே வைத்தேன்.

காலை ஆறரைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒருமுறை வெளுத்து, பிறகு சிரிக்கப் பார்த்தது. "தங்கச்சி... நீங்களோ?" என்றார். முன்பு ஒரு நாளும் எனக்கு நீங்கள் போட்டவர் இல்லை. வேலை நேரத்தில் நோர்வேஜிய மொழிதான் கதைக்க வேண்டும் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அப்படி ஒரு விதி இல்லை. எங்களைச் சுற்றிப் போலந்துக்காரரும் சோமாலியரும் தங்கள் தங்கள் பாஷையில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

கசிந்த பொதிகளுக்கென்று ஒரு மூலையில் தனி மேசை உண்டு. அதில் பாதிக்கு மேல் வேப் சாறு. வெளிநாட்டிலிருந்து மெல்லிய உறைக்குள் வரும்; வழியில் மூடி வெடிக்கும்; பக்கத்துப் பொதிகளும் ஊறிப் பிசுபிசுக்கும். துடைத்து, காய்ந்ததைத் திரும்பப் பொதி செய்து, மீட்க முடியாததை நீலத் தொட்டியில் எறிய வேண்டும். எட்டு மணித்தியாலமும் நின்றபடி. யாரும் அங்கே ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை, மாறி மாறித்தான் போடுவோம். முதலாளியை நான் மாற்றவில்லை. தன் கடையைத் தின்ற போத்தல்களை அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து, முன்பு தன் கடைக்கு வந்து மணந்து போனவர்களின் வீட்டு முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

மூன்றாம் கிழமை வந்து கேட்டார். "முழங்கால் ஏலாமல் கிடக்கு. அந்த இருந்து செய்யிற வேலைக்கு என்னை மாத்த முடியுமோ?" விதியை மதித்து, தட்டுத் தடுமாறாமல் நோர்வேஜிய மொழியில்தான் கேட்டார். இடம் இல்லை என்றேன். இடம் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்க வேண்டும். அதைவிட, எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. உறையைத் திறக்காமலே மணந்து, "இது புளுபெரி, இது புதினா" என்று சொல்ல, பையன்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். தண்டனைக்குப் போட்ட மேசையை அவர் கடை மேசை ஆக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, கழுத்து உடைந்த போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். பாதிச் சாறு மிச்சம். "இது தொட்டிக்குத்தானே போகுது. என்ரை முடிஞ்சுபோச்சு. எடுத்துக்கொள்ளலாமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எடுங்கோ. குப்பைதானே" என்றேன். தமிழில் சொன்னேன். அந்த நிலையத்தில் அவரோடு நான் பேசிய முதல் தமிழ். அவருடைய முகம் மலர்ந்ததை ஓரக்கண்ணால் கண்டேன். போத்தலுக்காக அல்ல, அந்த இரண்டு சொல்லுக்காக. "நன்றி தங்கச்சி" என்றார்.

குப்பையாக இருந்தாலும் ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது என்பது அங்கே கடும் விதி. அன்று மாலை வாசலில் பைச் சோதனை இருக்கிறது என்பது பொறுப்பாளர்களுக்குக் காலையிலேயே வந்த செய்தி. "எடுங்கோ" என்று சொன்னபோது அது என் நினைவில் இருந்ததா என்று என்னையே பல தரம் கேட்டிருக்கிறேன். இருந்தது.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். போத்தல் மேசையில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. இவர்தான் அனுமதி தந்தார் என்று முதலாளி என்னைக் காட்டிச் சொன்னார். மேலாளர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ தங்கச்சி" என்றார் முதலாளி, மெல்ல. நான் "நெய்" என்றேன். இல்லை என்பதற்கு இங்கே அதுதான் சொல். அவர் என்னைத் திட்டுவார், பழைய கதையை இழுப்பார் என்று காத்திருந்தேன். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் கையுறைகளைக் கழற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனார். நான் வீட்டுக்குப் போகும் வழியில் நண்டு வாங்கினேன். நன்றாகக் காய்ச்சி, நன்றாகச் சாப்பிட்டேன்.

இது நடந்து இரண்டு வருடம். சென்ற மாதம் குரோருட் நிலையப் படியில் ஒரு இளம்பெண் என்னை மறித்தாள். "நீங்கள் பொதி நிலையத்திலை வேலை செய்யிற அன்ரிதானே? அப்பா உங்கடை படத்தைக் காட்டினவர். நான் அவரின்ரை மகள்." கையைப் பிடித்து, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போக வேணும் என்று, பக்கத்துத் தொடர்மாடியின் ஆறாவது மாடிக்கு இழுத்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்தவர் முதலாளி. என்னைக் கண்டதும் கதவின் பிடியை விடாமல் அப்படியே நின்றார். பிறகு மகளுக்குக் கேட்கும்படி, "வாங்கோ தங்கச்சி, வாங்கோ" என்றார்.

எல்லாவற்றையும் அவரே சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே நானாம். நிற்கிற வேலை வேண்டாம், இருந்து செய்யுங்கோ என்று இடம் மாற்றித் தந்ததும் நானாம். "முழங்கால் ஏலாமல் நான்தான் விட்டனான். இவ எவ்வளவோ மறிச்சவ" என்றார். அப்போது ஒரே ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம். களவுக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்று மகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். இரக்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. முதலில் வந்தது இனிப்பு. ஒரு சொல்லில் இந்த மனிதரை இன்னொரு தரம் உடைக்கலாம் என்ற இனிப்பு, தேத்தண்ணியோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது. பிறகு, "ஓம். நல்ல வேலைக்காரர். எல்லாருக்கும் பிடிக்கும்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் என்னை வழியனுப்ப லிஃப்டில் கீழே வந்தாள். "அன்ரி, அப்பா வீட்டுக்குள்ளையே கிடந்து வாடிப்போறார். முழங்கால் ஒப்பரேசன் செய்து இப்ப நல்லம். வீகாராயெண்டாலும் திரும்ப எடுப்பினமோ? நீங்கள் கதைச்சால் எடுப்பினம்தானே?" என்றாள். நான் கதைத்தால் எடுப்பார்கள். அவள் அறியாமல் சொன்னது முழுக்கச் சரி. நான் அன்று சொன்னது பொய் என்று மேலாளரிடம் சொன்னால் போதும். வேலைக்கு ஆளில்லாமல் திண்டாடும் காலம் இது. என் பொறுப்பு போகலாம். போகாமலும் விடலாம்.

"கேட்டுப் பாக்கிறன்" என்றேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள்.

ஒவ்வொரு நாளும் மேலாளரின் அறையைக் கடந்துதான் போகிறேன். கதவு திறந்தே இருக்கும். இன்றுவரை நான் கேட்கவில்லை.