தெய்வசிகாமணி வாசலில் கட்டிய வேப்பிலை

உழவர்கரை தெய்வசிகாமணிக்கு யாரையும் வேண்டாம் என்று சொல்ல வராது. லாஸ்பேட்டைக்கு டெம்போ ஓட்டுகிறவன். மூட்டையோடு, மீன்கூடையோடு, யார் கைகாட்டினாலும் நிறுத்துவான். உள்ளே இருப்பவர்கள் முறைத்தால், கொஞ்சம் நவுந்து குந்துங்க என்பான், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனிடம், வீட்டுக்குள் யாரையும் விடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் அபிக்கு ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்திருந்தது. புது மருந்து, அவள் உடம்பிலுள்ள காவல் அணுக்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் புற்று அணுக்களின் முன்னால் நிறுத்துமாம். மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். மருந்து சின்னப் பம்பு ஒன்றின் வழியாக இரவும் பகலும் விடாமல் ஏற வேண்டும். பம்பைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தோளில் மாட்டியிருந்தாள் அபி. நடுவில் யாராவது காய்ச்சலை ஒட்டவைத்தால் மருந்தை நிறுத்த வேண்டிவரும். நோய் முந்திக்கொள்ளும்.

ஆனால் அந்தத் தெருவில், உடம்பு சரியில்லாத பிள்ளையை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்காதவர்கள் மனிதரில் சேர்த்தியில்லை. கனகசெட்டிக்குளத்துச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்தே வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு இருமல். தெய்வசிகாமணி வாசலில் நின்று வாங்க வாங்க என்றான். மனைவி சந்திரகலாதான் அவர்களை விரட்டினாள். பிறகு அவனையும் விரட்டினாள்.

மறுநாள் காலை அவன் வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினான். கேட்டவர்களிடம், ஆத்தா வந்திருக்கா என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். அம்மை போட்ட வீட்டுக்குள் யார் வருவார்கள்? கேபிள்காரர்கூட எட்டியே நின்றார்.

மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸ் நிர்மலாதேவியும் எட்டி நின்றுவிட்டாள். இருக்கிற நிலைமையில் அம்மை வந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பம்பை நிறுத்திவிடலாமா என்று அங்கேயே டாக்டரைப் போனில் கேட்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி, ஆத்தாவுக்கென்று காய்ச்சிய கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருப் பெண்களோடு வந்து சேர்ந்தாள்.

தெய்வசிகாமணி பானையைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

"அம்மையெல்லாம் இல்ல மேடம். நாந்தான் சும்மா கட்டுனேன்."

அஞ்சலாட்சி பானையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஆத்தா பேர்லயேவா பொய் சொன்ன?" என்றாள் அஞ்சலாட்சி.

"உன்ன வராதன்னு சொல்ல வாய் வரலக்கா."

"இப்ப சொல்லு."

அவன் வாசலை மறித்து நின்றான். "உள்ள வராதக்கா. பாப்பாவுக்கு ஆவாது."

"இத சொல்றதுக்கு ஒரு மரத்தையே மொட்டையடிச்சிருக்க."

நிர்மலாதேவி முகக்கவசத்தோடு உள்ளே போய், அபியின் உடம்பில் கொப்புளம் ஏதும் இல்லை என்று டாக்டரிடம் உறுதி சொல்லி, பழைய பை தீர்வதற்குள் புதியதை மாட்டினாள். பம்பு நிற்கவில்லை. ஆத்தாவுக்குக் காய்ச்சியதை வீணாக்கக் கூடாதென்று கூழைத் தெருவே குடித்து முடித்தது.

அடுத்த நாள் அஞ்சலாட்சி அந்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஹார்லிக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த தெய்வசிகாமணி, அவளெதிரில் ஒரே ஒரு தும்மல் போட்டான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு டெம்போவுக்கே வந்தது.