பதினெட்டு எட்டானது

"ஏன்டா, காலேஜ் வாத்தியாருங்க எல்லாரும் ஒரே பக்கமா சாயிறீங்க? பழச மாத்தணும்னே பேசுறீங்களே, வேணாம்னு சொல்ல ஒருத்தன்கூடவா இல்ல?" எங்கள் ஊரான போலகத்தில் வயலைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் வருடத்துக்கு நாலு தடவையாவது இதைக் கேட்பார்.

"படிச்சா கேள்வி கேக்கத் தோணும். கேள்வி கேட்டா பழசு அப்படியே நிக்காதுண்ணே" என்பேன். அது பொய்யில்லை. எங்கள் துறைத் தலைவி, மீனவக் கிராமமான கருக்களாச்சேரியில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைத்து வந்தவர். பழசை எதிர்த்துக் கேட்காமல் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் அண்ணனிடம் நான் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. பயம்.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்தும் தற்காலிக ஆசிரியன் நான். ஒவ்வொரு ஜூனிலும் தலைவி ஒரு கடிதம் எழுதினால்தான் அடுத்த வருட வேலை. அதை வைத்து அவர் என்னை ஒருநாளும் மிரட்டியதில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு நானே பயந்து கிடந்தேன்.

உள்தேர்வுத் தாள்களைத் திருத்தியதும் நாங்கள் நால்வரும் டீயோடு உட்கார்ந்து சில தாள்களை வாசித்துப் பார்ப்போம். ஆளுக்கொரு மாதிரி மார்க் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. அன்றைய கேள்வி குடும்ப அமைப்பின் மாற்றம் பற்றியது. மாணவி ஒருத்தி தன் வீட்டு வழக்கத்தையே எழுதியிருந்தாள். கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். வீடு பெண்ணுக்குத்தான், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். 'என் உம்மாவை யாரும் வீட்டை விட்டுப் போ என்று சொல்ல முடியாது. எங்களைச் சீர்திருத்த வருகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். சில பழையவற்றை அப்படியே விட்டுவைப்பதே நல்லது' என்று முடித்திருந்தாள். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இருபதுக்குப் பதினெட்டு போட்டிருந்தேன்.

தலைவி அதை உரக்க வாசித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். "பழமைவாதத்துக்கு வக்காலத்து! யாருங்க இதுக்குப் பதினெட்டு போட்டது?" என்றார் தலைவி.

நானும் அவள் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் ஜூனில் கடிதம் வருமா? "தப்பா விழுந்திருச்சுங்க மேடம். எட்டுதான்" என்றேன். சிவப்புப் பேனாவால் 18-இல் முன்னால் இருந்த 1-ஐ அடித்தேன். அடித்த பிறகும் அந்த 1 தெரிந்தது.

தேறப் பத்து வேண்டும்; எட்டு என்றால் தேறவில்லை. ஆசிரியை ஆக வேண்டும் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தாளோடு வந்து நின்றாள். "எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார்."

"ஆதாரம் பத்தலம்மா" என்றேன், முகம் பார்க்காமல். அதன்பின் அவளைக் கண்டாலே வேறு மாடிப்படி வழியாக ஒதுங்கிப் போனேன்.

அடுத்த தேர்வில் அவள் எழுதியது வேறு. மரபு பெண்ணைக் கட்டிப்போடுகிறது, எல்லாம் மாற வேண்டும் என்று, எங்கள் டீ மேசையில் தினமும் புழங்கும் வார்த்தைகளாலேயே நாலு பக்கம். உம்மா அதில் இல்லை. வீடும் இல்லை. தலைவிக்கு உண்மையான சந்தோஷம். "பாத்தீங்களா, படிக்கப் படிக்கப் பார்வை மாறுது" என்றார். எல்லோரும் ஒருமனதாகப் பதினெட்டு போட்டோம்.

தாளை வாங்க வந்தவள், பழைய தாளையும் என் முன்னால் வைத்தாள். "மொதல்ல நீங்க போட்டது பதினெட்டுதானே சார்?"

வராந்தாவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். அதைத்தான் முதலில் செய்தேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பரவால்ல சார். இங்க எப்படி எழுதணும்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

சில வருடங்களில் எம்.ஏ. முடித்து, இந்த ஜூனில் அவள் எங்கள் துறைக்கே தற்காலிக ஆசிரியையாக வந்திருக்கிறாள். டீ மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, எல்லோரும் தலையாட்டும்போது அவளும் ஆட்டுகிறாள். மற்ற மூவரில் எத்தனை பேர் எங்களைப் போல் மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.