மாடி வீட்டில் இன்னொரு ஜோடிச் செருப்பு

என் பார்லருக்கு நேர் மேலே, முதல் மாடியில், எர்சீலியா அம்மா தனியாக இருக்கிறார் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வோம். அவர் தனியாக இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ருமேனியாவிலிருந்து இத்தாலிக்குப் பிழைக்க வந்த ஸ்மாரந்தா ஆறு வருடமாக அவருடன்தான் இருக்கிறாள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சூப் வைப்பது, படி இறக்கி ஏற்றுவது எல்லாம் அவள்தான். ஆனால் யாராவது விசாரித்தால் எர்சீலியா அம்மா, "துணி இஸ்திரி போட ஒருத்தி வந்துட்டுப் போவா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

எண்பத்தெட்டு வயது அவருக்கு. நாற்பது வயதில் கணவரை இழந்தவர். நூலும் பொத்தானும் விற்கிற கடையை ஒற்றை ஆளாக நடத்தி, மகன் ஃபௌஸ்தோவை எஞ்சினியராக்கி மிலானுக்கு அனுப்பினார். யாரிடமும் போய் நின்றதில்லை என்பதுதான் அவருடைய சொத்து. இந்த வயதில் அதைப் பிடுங்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே தெருவே சேர்ந்து நடித்தது.

நடிப்பில் முதல் பரிசு ஸ்மாரந்தாவுக்குத்தான். கீழே காலிங் பெல் அடித்தால் போதும். கூடத்தில் கிடக்கும் வீட்டுக்குள் போடும் தன் செருப்பை எடுத்து அலமாரிக்குள் தள்ளுவாள். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, கட்டிலருகே இருக்கும் மாதா படம் எல்லாம் டிராயருக்குள் போகும். கோட்டை மாட்டிக்கொண்டு, இப்போதுதான் வந்தவள் போல இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நிற்பாள். விருந்தாளி கிளம்பியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். தெருவில் நடக்கும்போதும் எர்சீலியா அம்மாவுக்கு இரண்டடி பின்னால்தான் வருவாள். விழுந்தால் பிடிக்கிற தூரம், சேர்ந்து வருகிறாள் என்று யாரும் சொல்ல முடியாத தூரம்.

நல்ல உயரமான பொம்பளை. ஐம்பது தாண்டிவிட்டது. சிரித்தால் தங்கப்பல் தெரியும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ருமேனியாவில், பாக்கௌ என்கிற ஊரில், கட்டிக் கொடுத்த ஒரு மகள் இருக்கிறாள். இங்கே வருவதற்கு முன் பக்கத்து ஊரில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் இறந்துவிட்டார். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் இவள் விலாசம் இன்னும் அந்தச் செத்துப்போனவர் வீடுதான். அதை மாற்றவேண்டிய அவசியம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

அவசியம் ஒரு கழிப்பறையால் வந்தது.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வியாழன் மதியமும் ஞாயிறும் விடுமுறை. அவர்களுக்குப் போக இடம் ஏது? பஸ் நிலையத்தை ஒட்டிய பூங்காவில் கூடுவார்கள். ருமேனியாக்காரிகள், உக்ரேன்காரிகள், மல்தோவாக்காரிகள். டப்பாவில் கொண்டுவந்த முட்டைக்கோஸ் உருண்டையைப் பகிர்ந்து தின்பார்கள், ஊருக்குப் போன் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வார்கள். (என் பிழைப்பில் மண் போடுகிறார்கள் என்று நான் சொன்னால் ஸ்மாரந்தா வாயைப் பொத்திக்கொள்வாள்.) அந்தப் பூங்காவில் இருந்த ஒரே கழிப்பறைக்கு நகராட்சி பூட்டுப் போட்டுவிட்டது. அவசரமென்றால் எதிர்க் கடையில் காப்பி வாங்கினால்தான் உள்ளே விடுவான். காப்பி குடித்தால் மறுபடி போகவேண்டி வரும். அவனுக்கு நல்ல வியாபாரம்.

ஜூனில் நகராட்சித் தேர்தல் என்று அறிவித்தபோது, சதுக்கத்தில் கட்சிகள் மேஜை போட்டன. ஒரு வியாழக்கிழமை ஸ்மாரந்தா அந்த மேஜைகளில் ஒன்றுக்குப் போய்க் கழிப்பறையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். போய்விட்டு நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் ஒண்ணும் தப்பா பேசலக்கா. நல்லா சிரிச்சுட்டே நோட்டீஸ் குடுத்தான், கட்சிப் பேரு போட்ட பேனா ஒண்ணு குடுத்தான். இந்த ஊர் ஓட்டா உங்களுக்குன்னு கேட்டான். இல்லப்பா, எனக்கு ஓட்டே கிடையாதுன்னேன்."

"அப்புறம்?"

"பேனாவைத் திருப்பி வாங்கிட்டான்."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. சட்டியில் குழைத்துக்கொண்டிருந்த டையைக் கீழே வைத்தேன். "யாருடி உனக்கு ஓட்டு இல்லேன்னது? உக்ரேன்காரிக்கு இல்ல. உனக்கு உண்டு. ஐரோப்பிய யூனியன்காரங்க எந்த ஊர்ல குடியிருக்காங்களோ அந்த ஊர் நகராட்சிக்கு ஓட்டுப் போடலாம். கேட்டு வாங்கணும், அவ்வளவுதான்."

"நெஜமாவா?"

"முதல்ல விலாசத்தை இந்த ஊருக்கு மாத்தணும். அப்புறம் தேர்தல் பிரிவுல போய், என் பேரையும் சேருங்கன்னு எழுதிக் குடுக்கணும். ஓட்டுப் போடற நாளைக்கு நாப்பது நாள் முன்னாடியே குடுத்துடணும். அந்தத் தேதி போச்சுன்னா அஞ்சு வருஷம் காத்திருக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். "அப்போ அந்த உக்ரேன்காரிங்களுக்கும் சேர்த்து நான் போடறேன்" என்றாள்.

நானே நகராட்சிக்குக் கூட்டிப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக எல்லாம் சொன்னாள். வீடு ஃபௌஸ்தோ பெயரில் இருந்ததால் அவன் சம்மதம் வேண்டும். மிலானிலிருந்து உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். இனி ஒன்றுதான் பாக்கி. அவள் நிஜமாகவே அங்கே குடியிருக்கிறாளா என்று நகராட்சிக் காவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் 'ஆம்' என்று எழுதவேண்டும். "சும்மா சம்பிரதாயம்" என்றேன் ஸ்மாரந்தாவிடம். என் நாக்கில் சனி.

காவலர் கசாதியோ முதல் தடவை வந்தது வியாழன் மதியம். ஸ்மாரந்தா பூங்காவில் இருந்தாள். அவர் பெல் அடித்து விசாரிக்க, மேலிருந்து வாசல் பெல்லின் ஸ்பீக்கர் வழியாக எர்சீலியா அம்மா குரல் என் கடை வரைக்கும் கேட்டது. "நான் ஒண்டியாத்தான் இருக்கேன். என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும். இஸ்திரி போட ஒருத்தி வந்துட்டுப் போவா, அவ்வளவுதான்."

இரண்டாம் தடவை அவர் வந்தபோது ஸ்மாரந்தா வீட்டில்தான் இருந்தாள். இருந்து என்ன? பெல் அடித்தது, கை காலெல்லாம் தானாக ஓடியது. செருப்பு அலமாரிக்குள். மாதா டிராயருக்குள். கசாதியோ மாடி ஏறிப் பார்த்தால், கோட்டு மாட்டிய ஒருத்தி இஸ்திரி போடுகிறாள். அவள் அறையில் கட்டில் சுருக்கமில்லாமல் விரித்திருக்கிறது, ஒரு சீப்புகூட இல்லை. "நீங்க இங்கதான் தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்மாரந்தா எர்சீலியா அம்மாவைப் பார்த்தாள். எர்சீலியா அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"வாயைத் திறந்து ஆமான்னு சொல்லவேண்டியதுதானே?" என்று நான் அன்று கத்தினேன்.

"எப்படிக்கா சொல்றது? வெளியாள் முன்னாடி அவங்களைப் பொய் சொன்னவங்களா ஆக்கச் சொல்றியா? அவங்க சோத்தைத் தின்னுட்டு?" அவள் கண் கலங்கிவிட்டது. "விடு. பேனா இல்லாமலே இத்தனை வருஷம் இருந்துட்டேன்."

கசாதியோவின் மனைவி எனக்கு வாடிக்கை. அவரே கடைக்குள் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நொவெல்லா, மேல யார்தான் இருக்காங்க? மகன் ஒண்ணு எழுதிக் குடுக்கறான், அம்மா ஒண்ணு சொல்றாங்க."

"இன்னொரு தடவை வாங்க" என்றேன்.

"புதன்கிழமை காலையில வரேன். அதான் கடைசி. அப்பவும் இப்படியே இருந்தா 'இல்லை'ன்னுதான் எழுத முடியும். பேரு சேர்க்கற கெடுவும் அந்த வாரத்தோட முடியுது."

செவ்வாய்க்கிழமை எர்சீலியா அம்மா முடி அலச வரும் நாள். தொட்டியில் தலையைச் சாய்த்தவர்களால் எழுந்து போக முடியாது. எங்கள் தொழிலில் உள்ள ஒரே வசதி அதுதான். நுரை வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அம்மா, பெல் அடிச்சா ஸ்மாரந்தா செருப்பு எங்க போகுது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணி சூடா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு. அந்தக் கட்சிக்காரப் பையன் அவ கையில ஒரு பேனா குடுத்துட்டு, ஓட்டு இல்லேன்னதும் பிடுங்கிட்டான். தெரியுமா உங்களுக்கு?"

"எவன் அவன்? யார் வீட்டுப் பையன்?" கண் திறந்துகொண்டது. நிஜமாகவே கோபப்பட்டார்.

"யார் வீட்டுப் பையனா இருந்தா என்ன? 'நான் ஒண்டியா இருக்கேன்'னு நீங்க சொல்றப்பல்லாம் நீங்களும் அதைத்தான் பண்றீங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருட வாடிக்கை. என் அம்மா வயது. சொல்லியாயிற்று, நுரையை அலசிவிட்டேன். எர்சீலியா அம்மா, "கண்டிஷனர் போடாதே. போன தடவை பிசுபிசுன்னு ஆயிடுச்சு" என்றார். தலை காய்ந்ததும், வாசலில் காத்திருந்த ஸ்மாரந்தாவுக்கு இரண்டடி முன்னால் நடந்து மேலே போனார்.

புதன்கிழமை காலை ஒருத்திக்குத் தலையில் டை தடவி உட்காரவைத்திருந்தேன். கசாதியோ பெல் அடிக்கும் சத்தம் கேட்டதும் அவளை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் மாடி ஏறினேன். மேலே தடதடவென்று ஓடும் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான். போச்சு என்று நினைத்தேன்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் ஸ்மாரந்தா தரையில் குந்தியிருந்தாள். கை செருப்பின் மேல். செருப்பின் மேல் எர்சீலியா அம்மாவின் கைத்தடி. அவர் தன் எடையெல்லாம் அதில் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"விடுடி. கிடக்கட்டும்."

"அம்மா, ஆள் வந்தாச்சு..."

"தெரியும். வரட்டும்." கசாதியோவைப் பார்த்தார். "தம்பி, இது யார் செருப்புன்னு கேளுங்க."

அவர் தயங்கினார். "யாருதும்மா?"

"இவளுது. ஆறு வருஷமா இங்கதான் கிடக்கு. என் ரூமுக்கும் அவ ரூமுக்கும் நடுவுல கதவு சாத்தறதில்ல. சாத்தினா எனக்குப் பயமா இருக்கும். அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா."

"இடம் பண்ணி எழுதுங்க."

ஸ்மாரந்தா எழுந்திருக்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். எர்சீலியா அம்மா கைத்தடியால் அவள் முதுகை மெல்லத் தட்டினார். "எழுந்து தம்பிக்குக் காப்பி போடு. அந்தக் கோட்டைக் கழட்டு முதல்ல, வீட்டுக்குள்ள யாராவது கோட்டு போடுவாங்களா?"

கசாதியோ காப்பி குடித்து, 'ஆம்' என்று எழுதினார். காலிங் பெல்லில் அவள் பெயரையும் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்மாரந்தா அன்றே தேர்தல் பிரிவுக்கு ஓடி விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். கீழே என் வாடிக்கைக்காரியின் தலை கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. அவளிடம் காசு வாங்கவில்லை. வருத்தமும் படவில்லை.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. மகள் கல்யாணத்துக்குத் தைத்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, புது வாக்காளர் அட்டையைப் பிடித்தபடி ஸ்மாரந்தா வந்தாள். முந்தின நாளே கடையில் டிஷ்யூ காகிதத்தில் பழக்கிவைத்திருந்தேன்: பிடித்த கட்சிச் சின்னத்தின் மேல் பெருக்கல் குறி, பக்கத்துக் கோட்டில் கவுன்சிலருக்கு நிற்பவரின் பெயர், உள்ளேயே மடித்துக்கொண்டு வரவேண்டும், பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எர்சீலியா அம்மா அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார். இரண்டடி இடைவெளி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மேஜையில் இருந்த பெண் பட்டியலைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். ஸ்மாரந்தாவின் முகம் வெளுத்தது. "வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கும், அதைப் பாரும்மா" என்றேன். இருந்தது. சீட்டும் பென்சிலும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவள் வெளியே வருகிற வழியாக இல்லை. பின்னால் ஒருவர் இருமினார்.

"பொறுமையா எழுதட்டும்" என்றார் எர்சீலியா அம்மா திரும்பிப் பார்க்காமலே. "உங்க பஸ் ஒண்ணும் போயிடாது."

வெளியே வந்து, சீட்டைப் பெட்டியில் போட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே பென்சிலை இரண்டு கையாலும் நீட்டினாள். என்னிடம் வந்து, "இதைத் திருப்பிக் குடுக்கறதுல வருத்தமே இல்லக்கா" என்றாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. பேனாக்காரனுக்கு இல்லை என்று மட்டும் சொன்னாள்.

கழிப்பறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இலை உதிரும் காலத்தில் திறந்தார்கள். கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஸ்மாரந்தா இப்போது புதுக் கவுன்சிலர் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறாள். உரிமையோடு எடுக்கிறாள்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்று பள்ளிக்கூட வாசலில் நடந்ததுதான். எர்சீலியா அம்மாவும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். பெண்டாட்டியை இழந்த குவெரீனோ, பழைய வரி அலுவலகக் குமாஸ்தா, படியில் நின்றிருந்தார். தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தோம். அவர் தொப்பியைத் தூக்கி, "என்ன எர்சீலியா, இன்னும் தனியாவே சமாளிக்கறியா? கெட்டிக்காரிதான்" என்றார்.

ஸ்மாரந்தா பழக்கதோஷத்தில் கையை உருவப் பார்த்தாள். எர்சீலியா அம்மா விடவில்லை.

"தனியா இருக்கறது நீதான் குவெரீனோ" என்றார். "எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு."