மூன்றாம் காட்சி வசனமும் என் கையெழுத்தும்

முன்வரிசை நாற்காலி

பாலசமுத்திரத்தில் நாடகம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தபோது நாடகங்களுக்கு அனுமதி தருகிற அதிகாரி சித்தூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். யாரும் அவரை அழைக்கவில்லை. ஊர்க்காரர்கள் அடித்துப்பிடித்து ஒரு நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில் போட்டார்கள். உட்கார்ந்தவர், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். திரை இடுக்கில் பார்த்தேன். எங்கள் நாடகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தெலுங்கு மொழிபெயர்ப்பு அது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியிருந்தது.

மூன்றாம் காட்சியில் ஒரு வசனம் மேடையில் ஒன்றாகவும் அந்தக் காகிதத்தில் வேறாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, தலைநகரம் கர்நூலில் இருந்த காலம். எங்கள் பக்கத்து ஊர்கள் எந்த மாநிலத்துக்கு என்ற தகராறு இன்னும் தீரவில்லை. ஒரே தெருவில் பாதிப் பேர் மெட்ராசோடு சேரவேண்டும் என்று மனுப் போட்டார்கள், மீதிப் பேர் ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று போட்டார்கள். எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினொரு பேர். நான் பிராம்ப்டர். சைடு விங்கில் லாந்தரோடு உட்கார்ந்து, நடிகர் தடுமாறினால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பவன். நாடகம் எழுதுவது, பெரிய வேஷம் கட்டுவது, வண்டி பேசுவது எல்லாம் வாத்தியார் முனிரத்தினம். எங்களுக்கு எல்லாம் அவர்தான்.

‘இரண்டு மனு’ என்று ஒரு நாடகம் எழுதினார். புராணம் இல்லை, ராஜா இல்லை, சட்டைபோட்ட மனிதர்களின் கதை. அண்ணன் ஒரு மனுவில் கையெழுத்துப் போடுகிறான், தம்பி எதிர் மனுவில் போடுகிறான், வீடு இரண்டாகிறது. மூன்றாம் காட்சியில் எல்லை அளக்க வந்த ஆபீசரைப் பார்த்து அண்ணன் வெடிப்பான்:

“மெட்ராஸ்ல ஒருத்தன், கர்நூல்ல ஒருத்தன். எங்க ஊட்டு மாட்டுக்கொட்டா எந்தப் பக்கம் பாத்துகினு இருக்குதுன்னு உங்க ரெண்டு பேர்ல எவனுக்குடா தெரியும்? கோடு போட வந்துட்டீங்க!”

வாத்தியார் தன் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இதே வார்த்தைகளை அவர் தன் வீட்டு வாசலிலேயே கத்தியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மெட்ராஸ் மாநிலத்தில், சோளிங்கர் பக்கம் இரண்டு ஊரில் நாடகம் போட்டபோது, இந்த வசனத்துக்குக் கைதட்டல் அடங்காமல் அடுத்த ஆள் பேசுவதற்குக் காத்து நின்றான். பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் என்பதால் சேதி பாலசமுத்திரம் வரைக்கும் வந்துவிட்டது.

சித்தூர் முத்திரை

இந்த ஆந்திரப் பக்கத்தில் நாடகம் போடச் சித்தூரில் அனுமதி வாங்கவேண்டும். எங்கள் முந்தைய நாடகத்துக்கு ஏற்கெனவே அனுமதி கிடைக்காமல் போயிருந்தது. அதிகாரி நெல்லூருக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழ் பேசினால் புரியும், எழுத்துத் தெரியாது. தெலுங்கில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். வாத்தியாருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. நான் தெலுங்குப் பள்ளியில் படித்தவன். வேலை என் தலையில் விழுந்தது.

மாட்டுக்கொட்டாய் வசனத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதைப் படித்தால் முத்திரை குத்துவார்களா? இதுவும் போனால் கம்பெனியைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் கூலிக்குப் போகவேண்டியதுதான். பூசி மெழுகினேன். ‘பெரியவர்கள் எது செய்தாலும் சரி, நாங்கள் கட்டுப்படுகிறோம்’ என்று தெலுங்கில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், இது சரியான மொழிபெயர்ப்பு, தவறிருந்தால் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அனுமதி வந்தது. இந்தப் பிரதியில் இல்லாததை மேடையில் பேசினால் ரத்து என்று அதில் ஒரு நிபந்தனை. வாத்தியார் என்னைக் கட்டிக்கொண்டு, “உன்னாலதான்டா கன்னியப்பா!” என்றார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் தள்ளினேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

பாதி மீசை

இரண்டாம் காட்சி முடிந்து திரை விழுந்தது. முன்னால் காமிக் ஆள் பாடிக்கொண்டிருந்தான். வாத்தியார் உள்ளே அண்ணனின் நரைமீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஒட்டியாகிவிட்டது. மறுபக்கம் விரலில் இருந்தது.

“வாத்தியாரே, அந்த மாட்டுக்கொட்டா வசனம் இன்னிக்கு வாணாம்.”

“இன்னாடா ஒளர்ற? ஊரே அதுக்குத்தான் குந்திகினு இருக்குது.”

“ஆபீசர் கையில இருக்கற பேப்பர்ல அது இல்ல.”

“அது எப்டிடா இல்லாம போவும்?”

“நான் எழுதல. வேற எழுதிட்டேன்.”

என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன்.

“கீழ கையெழுத்து?”

“என்துதான்.”

மீசையின் மறுபாதியை ஒட்டி, இரண்டு விரலால் அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தார். “போ. உன் எடத்துல போய்க் குந்து” என்றார். எதைப் பேசப்போகிறார் என்று சொல்லவில்லை.

பேசினது

விங்கில் உட்கார்ந்தேன். தமிழ்ப் பிரதி மடியில் இருந்தது, அதைப் பார்க்கத் தைரியமில்லை. திரை தூக்கினார்கள். தாயார் வேஷத்தில் சரோஜாம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீசர் வேஷம் கட்டியவன் தன் கேள்வியைக் கேட்டான்: “நீ எந்தப் பக்கம்யா?”

முன்வரிசையில் அதிகாரியின் விரல் காகிதத்தில் ஒரு வரியில் நின்றது. வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. நான் பூசி மெழுகிய வசனத்தைத் தமிழில் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். அவர் அசையவில்லை. கான்ஸ்டபிள் தலையைத் தூக்கிப் பார்த்தான். இவர் மாட்டுக்கொட்டாய் வசனத்தைத்தான் பேசப்போகிறார், நான் ஜெயிலுக்குத்தான் போகப்போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

“பெரியவங்க எது செஞ்சாலும் சரிங்க. நாங்க கட்டுப்படறோம்” என்றார் வாத்தியார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “மாட்டுக்கொட்டா வசனத்த சொல்லு நைனா!” இன்னொருவன் எழுந்து, “ஆபீசரப் பாத்து பம்மிட்டான்டா!” என்று கத்தினான். விசில் பறந்தது. அதிகாரி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். வாத்தியார் அதே வசனத்தை இன்னொரு தரம், முன்னைவிடத் தெளிவாகச் சொன்னார். ஒரு குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோனது. அதையும் நின்று பார்த்தார். சரோஜாம்மா அழுகிற இடம் அடுத்த பக்கத்தில்தான், ஆனால் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் காட்சி நகர்ந்தது.

நாடகம் முடிந்ததும் அதிகாரி மேடைக்குப் பின்னால் வந்தார்.

“வெனக்க எவரோ மாட்டுக்கொட்டாய்னு அரிச்சாரே, அதேமிடி?” என்றார். பின்னாலிருந்து கத்தினார்களே, அது என்ன என்று கேட்கிறார்.

“அது பழைய நாடகத்து வசனங்க. ஜனங்க மறக்கல” என்றார் வாத்தியார், என் பக்கம் திரும்பாமல்.

அதிகாரி தலையாட்டினார். பிறகு சொன்னார்: “நாடகம் பாகுந்தி. ஆனா அன்ன கடைசில தலை வணங்கிட்டாடே, அதி பாகலேது. கட்டிகா அடகாலி கதய்யா!” நாடகம் நன்றாக இருக்கிறது, அண்ணன் தலை வணங்கியதுதான் நன்றாக இல்லை, இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்கவேண்டாமா என்கிறார். முத்திரை குத்திய மனிதரே அப்படிச் சொன்னார். மூலத்தை எழுதியிருந்தால் அனுமதித்திருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான்தான் வழி வைக்கவில்லையே.

வாத்தியார் மீசையைப் பிய்த்தபடி பதில் சொன்னார்: “எழுதினவனுக்கு அவ்ளோதாங்க தைரியம்.”

அதிகாரி, அவர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஜீப் கிளம்பும்வரை நான் தலை நிமிரவில்லை.

அதற்கு மேல் வாத்தியார் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை வேலையை விட்டும் நிறுத்தவில்லை. பத்து நாள் கழித்து வரதய்யபாளையத்தில் வேறு நாடகம். இரண்டாம் காட்சியில் அவருக்கு வசனம் மறந்துபோனது. சரியான வார்த்தையை, சரியான நேரத்தில், கேட்கும்படி எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. சும்மா நின்றார். சரோஜாம்மா நிலைமையைப் புரிந்துகொண்டு தன் பேச்சோடு அதைச் சேர்த்துச் சொன்ன பிறகு, அவரிடமிருந்து வாத்தியார் எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பெனியில் இன்னும் நான்கு வருஷம் இருந்தேன். நான்கு வருஷமும் அப்படித்தான்.

நாடகத்துக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் தொழில் கேட்கிறார்கள். குரலை எவ்வளவு தாழ்த்துவது, எப்போது கொடுப்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். வசனத்தை வெட்டவேண்டி வந்தால் வெட்டுங்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் பேசப்போகிறவனிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் வாத்தியார் என்னை அறைந்திருப்பார். அறைந்துவிட்டு, அடுத்த முறை வசனம் மறந்தபோது என் பக்கம் திரும்பியிருப்பார்.